எழுத்து அழிந்த பேட்ச் பேனல், இரண்டு சிஸ்கோ ஸ்விட்ச்: எந்த போர்ட் எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

திருவொற்றியூர் டெக் | திங்கள், இரவு 10:12

வணக்கம். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் ஐடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பார்த்தவர் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வைக்காமல் போய்விட்டார். ரேக்கில் சிஸ்கோ 2960-எக்ஸ் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் 24 போர்ட், பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் வசதி) உள்ள மாடல். பின்பக்கம் ஸ்டாக் கேபிள் போட்டு இரண்டையும் ஒன்றாக்கி இருக்கிறார்கள். அதற்கு மேலே இரண்டு பேட்ச் பேனல், சுவர் வயர்கள் வந்து முடியும் பலகை. அதில் மார்க்கரால் எழுதியதெல்லாம் அழிந்து வெறும் கறையாக இருக்கிறது.

கேமரா, என்விஆர் (கேமரா படங்களைப் பதியும் பெட்டி), ஐபி போன், எடை மேடை கணினி, கேட் பில்லிங் கணினி எல்லாம் இதில்தான். விலான் என்றால் ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்; இங்கே மொத்தமும் விலான் 1. கேமரா படம் அடிக்கடி உறைந்து நிற்கிறது, அதனால் கேமராக்களைத் தனி விலானில் போடு என்று முதலாளி சொல்கிறார். கன்சோல் பாஸ்வேர்டு கையில் இருக்கிறது. திரையில் ஜிஐ 1/0/1, ஜிஐ 2/0/24 என்று வருகிறது. ஆனால் ரேக் முன்னால் நின்றால் எது எது என்று தெரியவில்லை. ராத்திரியில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்க்கலாமா? லாரி ராத்திரியிலும் வரும், அதுதான் பயம்.

காசிமேட்டான் | திங்கள், இரவு 10:20

பிடுங்காதீங்க பாஸ். எடை மேடை கேபிள் கையோடு வந்தால் கேட்டிலிருந்து மணலி வரைக்கும் டிரெய்லர் நிற்கும். டிரைவர் எல்லாம் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

பழைய வண்ணை | திங்கள், இரவு 10:51

தம்பி, எதையும் பிடுங்க வேண்டியதில்லை. முதலில் அந்தப் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். ஜிஐ 1/0/5 என்பதில் முதல் எண், ஸ்டாக்கில் அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருக்கும் எண். நடு எண் மாட்யூல். உங்கள் மாடலில் அது எப்போதும் 0தான். கடைசி எண், முகப்பில் அச்சடித்திருக்கும் போர்ட் எண். 1 மேல் வரிசையில் இடது ஓரம், 2 அதற்கு நேர் கீழே, 3 மறுபடி மேலே. ஒற்றைப்படை எல்லாம் மேலே, இரட்டைப்படை எல்லாம் கீழே. 24க்குப் பிறகு வலது பக்கம் நான்கு எஸ்எஃப்பி குழிகள் (ஃபைபர் மாட்யூல் செருகும் இடம்) இருந்தால் அவை 25 முதல் 28 வரை.

இதில் பலர் சறுக்கும் இடம் முதல் எண்தான். ரேக்கில் மேலே இருப்பதுதான் 1 என்று ஒரு விதியும் கிடையாது. ஸ்டாக் முதன்முதலில் உருவானபோது எந்தப் பெட்டி எந்த எண்ணை வாங்கியதோ அதுவே நிலைத்துவிடும். அப்புறம் யாராவது பெட்டிகளை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தாலும் எண் மாறாது. முகப்பின் இடது ஓரத்தில் மோட் பட்டன் இருக்கும். ஸ்டாக் என்று எழுதிய லைட் எரியும் வரை அதைத் தட்டித் தட்டி வாருங்கள். அப்போது முதல் சில போர்ட்டுகளின் லைட், ஸ்டாக்கில் உள்ள பெட்டிகளின் எண்களைக் காட்டும். எந்த லைட் மினுக்குகிறதோ அதுதான் நீங்கள் பார்க்கும் பெட்டியின் எண். ஷோ ஸ்விட்ச் என்று கொடுத்தால் எண்ணும் மேக் முகவரியும் (சாதனத்தின் வன்பொருள் எண்) சேர்ந்து வரும். பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள மேக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பட்டனைத் தட்ட மட்டும் செய்யுங்கள். பத்து, பன்னிரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் கான்ஃபிக் அழிந்து பெட்டி ரீபூட் ஆகிவிடும். வேலை முடிந்ததும் நோ செட்அப் எக்ஸ்பிரஸ் கொடுத்து அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

எண் தலைகீழாக இருந்தால் ரீநம்பர் பண்ணப் போகாதீர்கள். அந்தக் கட்டளை இருக்கிறது, ஆனால் ரீலோடு கேட்கும். போர்ட் கான்ஃபிக் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் எல்லாம் இடம் மாறிப்போகும். பெட்டி மேல் பெரிதாக 1, 2 என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள், போதும்.

காசிமேட்டான் | திங்கள், இரவு 11:03

மோட் பட்டன் என்றதும் ஞாபகம் வந்தது. 2013இல் சிஸ்கோவே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 3650, 3850 வரிசையில் 48 போர்ட் பெட்டிகளில் மோட் பட்டன் முதல் போர்ட்டுக்கு மேலேயே இருக்கும். சில பேட்ச் கார்டுகளின் ரப்பர் உறை நீட்டிக்கொண்டிருந்து அந்தப் பட்டனை அழுத்த, ஸ்விட்ச் தானாக ரீசெட் ஆகியிருக்கிறது. கேபிள் செருகினால் நெட்வொர்க்கே படுத்துவிடும். திருவொற்றியூர் ப்ரோவுக்குக் கவலை இல்லை, அவருடையது வேறு மாடல்.

திருவொற்றியூர் டெக் | செவ்வாய், மாலை 6:37

அண்ணா, நன்றி. தட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கீழே இருப்பதுதான் 1, மேலே இருப்பது 2. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் கொடுத்தேன். பாதிக்கு மேல் கனெக்டட். நேம் என்ற பத்தி முழுக்கக் காலி. சிலவற்றில் வேகம் ஏ-1000 (ஆட்டோவில் 1000 எம்பிபிஎஸ்), சிலவற்றில் ஏ-100. 2/0/11 மட்டும் எர்-டிசேபிள்டு (பிழை கண்டு ஸ்விட்சே அணைத்தது) என்று காட்டுகிறது. இனி எந்த போர்ட்டில் எந்தச் சாதனம் என்று எப்படிப் பிடிப்பது?

மின்ட் தெரு | செவ்வாய், இரவு 8:15

இதற்கு ரேக் பக்கமே போக வேண்டாம், நாற்காலியிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். சாதனத்தின் ஐபி தெரிந்தால் பிங் கொடுங்கள். ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலில் அந்த ஐபிக்கு நேராக மேக் முகவரி கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு ஸ்விட்சில் ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் பாருங்கள். எந்த போர்ட் வழியாக அந்த மேக் தெரிகிறது என்று வந்துவிடும்.

பிங் முதலில் ஏன் என்றால், ஸ்விட்ச் ஒரு மேக்கை வழக்கமாக 300 நொடிதான் நினைவில் வைத்திருக்கும். அதற்குள் அந்தச் சாதனம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றால் பட்டியலிலிருந்து போய்விடும். கேமரா ஓயாமல் பேசும், அது எப்போதும் இருக்கும். பிரின்டர், எடை மேடைக் காட்டியோடு சேர்த்த கன்வர்ட்டர் மாதிரி ஊமைச் சாதனங்கள்தான் காணாமல் போகும். லைட் எரியும், மேக் வராது. பயப்படாமல் ஒரு பிங் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒரே போர்ட்டில் இரண்டு மூன்று மேக் வந்தால் ஐபி போனும் அதன் முதுகில் செருகிய கணினியுமாக இருக்கும். எட்டு பத்து வந்தால் அந்த வயரின் முனையில் யாரோ மேசைக்கு அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் உள்ள மேக் எல்லாம் ஒரே போர்ட்டில் குவிந்தால் அது ரவுட்டருக்கோ இன்னொரு ஸ்விட்சுக்கோ போகும் அப்லிங்க். அதன் மேல் கை வைக்காதீர்கள்.

ஐபி தெரியாத சாதனத்துக்கு மேக்கின் முதல் பாதியைப் பாருங்கள். முதல் 24 பிட் தயாரிப்பாளருக்கு ஒதுக்கியது. ஐஇஇஇ பட்டியலில் தேடினால் கேமரா கம்பெனியா, போன் கம்பெனியா என்று தெரியும். பதினெட்டு போர்ட்டில் ஒரே கம்பெனி என்றால் கேமராதான், வேறு என்ன.

ஷோ சிடிபி நெய்பர்ஸ் டீடெயில் கொடுத்துப் பாருங்கள். சிடிபி, எல்எல்டிபி இரண்டும் ஒரு சாதனம் பக்கத்துச் சாதனத்திடம் தன்னை அறிமுகப்படுத்தும் முறைகள். சிடிபி சிஸ்கோவில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். எல்எல்டிபியை நீங்கள்தான் எல்எல்டிபி ரன் என்று தொடங்கி வைக்க வேண்டும். ஐபி போன் பெரும்பாலும் இரண்டில் ஒன்றில் தன் பெயரைச் சொல்லிவிடும்.

திருவொற்றியூர் டெக் | செவ்வாய், இரவு 8:40

மேடம், சூப்பர். கேமரா பதினெட்டும் கிடைத்துவிட்டன. பன்னிரண்டு ஸ்விட்ச் 1இல், ஆறு ஸ்விட்ச் 2இல். ஆனால் சுவரில் உள்ள ஐ/ஓ பாக்ஸ் (கேபிள் செருகும் பெட்டி) பேட்ச் பேனலில் எங்கே வந்து முடிகிறது என்பது இன்னும் புரியவில்லை. பேனலில் 7ஆம் ஓட்டை ஸ்விட்சில் 19க்குப் போகிறது, 8 இன்னொரு ஸ்விட்சின் 2க்குப் போகிறது. தலை சுற்றுகிறது.

வியாசை வயர்மேன் | செவ்வாய், இரவு 9:26

பேனல் எண்ணும் ஸ்விட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கவே வேண்டாம் தம்பி. பேனல் எண் சுவரில் புதைத்த வயருக்குச் சொந்தம், அது கட்டடம் இருக்கும் வரைக்கும் மாறாது. ஸ்விட்ச் எண் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. இரண்டையும் சேர்ப்பது அந்த அரை மீட்டர் பேட்ச் கார்டுதான். அதனால் எழுதும்போது மூன்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்: சுவர், பேனல், ஸ்விட்ச்.

ஆள் இல்லாத ஐ/ஓ பாக்ஸுக்கு எளிய வழி, உங்கள் லேப்டாப்பைச் சுவரில் செருகிவிட்டு ஸ்விட்சில் ஷோ லாக்கிங் பாருங்கள். எந்த போர்ட் அப் ஆனது என்று பெயரோடு, நேரத்தோடு விழும். லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் எல்எல்டிபிடி என்ற மென்பொருளைப் போட்டு வைத்தால் இன்னும் சுகம். மேடம் சொன்ன எல்எல்டிபியை ஸ்விட்சில் தொடங்கியிருந்தால் அது வழக்கமாக 30 நொடிக்கு ஒரு முறை, நான் இன்னார், இது இன்ன போர்ட் என்று அறிவிக்கும். லேப்டாப் திரையில் ஸ்விட்ச் பெயரும் போர்ட் பெயரும் வந்துவிடும். சிடிபி என்றால் 60 நொடி, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பேனலில் இருந்து ஸ்விட்சுக்கே போகாத வயரும் இருக்கும். லாக்கில் எதுவும் விழவில்லை என்றால் அதுதான். அதற்கு டோனர் (ஒலி எழுப்பி வயரைக் கண்டுபிடிக்கும் கருவி) வேண்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒரு முனையைச் சுவரில் செருகிவிட்டு, ரேக்கில் போய்க் குச்சியை ஒவ்வொரு வயராகக் காட்டினால் சரியான வயரில் கீ கீ என்று கத்தும். பிஓஇ ஓடுகிற லைனில் சாதாரண டோனரைச் செருகாதீர்கள். ஸ்விட்ச் உயிரோடு இருக்கும்போதும் வேலை செய்யும் என்று எழுதியிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

கண்டுபிடித்த கையோடு லேபிள். இரண்டு முனையிலும். சாயங்காலம் மொத்தமாக ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது, டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறந்துவிடும். மார்க்கர் வேண்டாம், உங்கள் பக்கத்துக் கடல் காற்றுக்கு நிற்காது. லேபிள் பிரின்டரின் லேமினேட் டேப் போடுங்கள்.

காலி போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடியும் வாங்கிப் போடுங்கள். எண்ணூர் பக்கத்துச் சாம்பல், கரித்தூசி ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். மலிவு கனெக்டரில் முலாம் போய் உள்ளே பச்சைப் பூத்து நிற்பதை நான் அந்த ஏரியாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். லைட் எரியும், டேட்டா மட்டும் உதிரும்.

ராயபுரம் ரவுட்டர் | செவ்வாய், இரவு 10:02

எதற்கு இவ்வளவு சுற்று? எல்லா போர்ட்டிலும் ஸ்பீடு 100, டூப்ளெக்ஸ் ஃபுல் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவது) என்று அடித்துவிடுங்கள். கேமராவுக்கு அது போதும். உறைவது நின்றுவிடும்.

பழைய வண்ணை | செவ்வாய், இரவு 10:19

நிற்காது, அதிகமாகும். ஒரு பக்கம் கையால் 100 ஃபுல் என்று பூட்டிவிட்டால் அந்த போர்ட் எதிர்ப்பக்கத்தோடு பேரம் பேசுவதை நிறுத்திவிடும். எதிர்ப்பக்கம் ஆட்டோவில் இருந்தால் சிக்னலைப் பார்த்து வேகம் 100 என்று மட்டும் கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸ் தெரியாததால் ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். ஒருவர் எப்போது வேண்டுமானாலும் பேசுவார், மற்றவர் அமைதிக்காகக் காத்திருப்பார். ஸ்விட்ச் பக்கம் சிஆர்சி எர்ரர் (சிதைந்து வந்த டேட்டா), எதிர்ப்பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) என்று ஏறிக்கொண்டே போகும். பிங் கொடுத்தால் நன்றாக இருக்கும், வீடியோ ஓடினால் திணறும். அந்தக் காலத்துச் சாதனங்களுக்கு ஒருவேளை இது தேவைப்பட்டது. இன்று இரண்டு பக்கமும் ஆட்டோ. ஜிகாபிட் தாமிரத்துக்கு ஆட்டோ கட்டாயமே.

ராயபுரம் ரவுட்டர் | செவ்வாய், இரவு 10:24

இரண்டு பக்கமும் பூட்டினால்?

பழைய வண்ணை | செவ்வாய், இரவு 10:31

பதினெட்டு கேமராவிலும் உள்ளே போய்ப் பூட்டுவீர்களா? நாளைக்கு ஒரு கேமரா கெட்டுப்போய் வேறொன்று மாட்டுகிறவருக்கு அது தெரியுமா? விடுங்கள் சார்.

மின்ட் தெரு | செவ்வாய், இரவு 10:48

தம்பி, ஒரு கேள்வி. ஏ-100 என்று காட்டும் போர்ட்டுகளில் என்விஆர் இருக்கிறதா? கேமரா 100இல் இருப்பது இயல்பு, பெரும்பாலான கேமராக்களின் போர்ட்டே அவ்வளவுதான். ஆனால் பதினெட்டும் வந்து சேரும் இடம் என்விஆர். ஒரு கேமராவுக்கு 6 எம்பிபிஎஸ் என்று வைத்தாலும் 108 ஆகிறது. 100 எம்பிபிஎஸ் வாயில் 108 எப்படி நுழையும்? விலான் பிரித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விலான் நல்லதுதான், கேமராவில் இருந்து யாரும் பில்லிங் கணினிக்குள் நுழையாமல் இருக்க உதவும். ஆனால் உறைவதற்கு மருந்து அதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருவொற்றியூர் டெக் | புதன், காலை 11:05

மேடம், கையைக் கொடுங்கள். என்விஆர் 1/0/22இல் இருக்கிறது, ஏ-100. அதன் பின்பக்கத்தில் ஜிகாபிட் என்றுதான் அச்சடித்திருக்கிறது. ஏன் 100இல் நிற்கிறது?

வியாசை வயர்மேன் | புதன், மதியம் 1:30

வயர். 100 எம்பிக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின் போதும், அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒன்று அறுந்திருந்தாலும் இரண்டு பக்கமும் 100க்கு இறங்கிச் சமாதானமாகிவிடும். லைட்டும் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஸ்விட்சிலேயே பார்க்கலாம். டெஸ்ட் கேபிள்-டயக்னாஸ்டிக்ஸ் டிடிஆர் இன்டர்ஃபேஸ் ஜிஐ 1/0/22 என்று கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து, டெஸ்ட் என்ற இடத்தில் ஷோ போட்டு அதே கட்டளையைக் கொடுங்கள். நான்கு ஜோடிக்கும் தனித்தனியாக நார்மல், ஓபன், ஷார்ட் என்று வரும். அறுந்த இடம் எத்தனை மீட்டரில் என்றும் தோராயமாகச் சொல்லும். சோதனை ஓடும்போது இணைப்பு சில நொடி அறுந்து வரும், அதனால் எடை மேடை போர்ட்டில் வேலை நேரத்தில் வேண்டாம்.

திருவொற்றியூர் டெக் | புதன், மாலை 5:52

பேர் டி (நான்காவது ஜோடி) ஓபன், தூரம் ஒன்றிரண்டு மீட்டர் என்று வந்தது. என்விஆர் ரேக்கிலேயே இருப்பதால் பேட்ச் கார்டுதான். புதிது மாற்றினேன். ஏ-1000 வந்துவிட்டது. மதியத்திலிருந்து படம் உறையவில்லை. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

காசிமேட்டான் | புதன், மாலை 5:58

டீ மட்டும்தானா?

வியாசை வயர்மேன் | புதன், மாலை 6:10

பழைய கார்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். வளைத்தால் ஒடியும், பிஓஇ ஓடினால் சூடாகும், கேமரா தூரத்தில் இருந்தால் போய்ச் சேரும் மின்சாரமும் குறையும். பெட்டி வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேட்டு, கத்தியால் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். விலையிலேயே தெரிந்துவிடும்.

திருவொற்றியூர் டெக் | புதன், இரவு 8:44

அண்ணா, இப்போது விலான் வேலைக்கு வருகிறேன். எந்த வரிசையில் செய்வது? வேலை செய்கிற இடத்தில் கை நடுங்குகிறது.

பழைய வண்ணை | புதன், இரவு 9:37

முதல் நாள் விலானைத் தொடாதீர்கள். டிஸ்கிரிப்ஷன் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் டிஸ்கிரிப்ஷன் என்று எழுதிச் சாதனம், பேனல் எண், இடம். உதாரணமாக, கேம் வடக்கு கேட் பேனல் ஏ07. இதனால் ஒரு பாக்கெட்டும் நிற்காது, ஒரு லாரியும் நிற்காது. போட்டு முடித்ததும் ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் கொடுத்தால் காலியாக இருந்த அந்த நேம் பத்தி நிரம்பி நிற்கும். அந்தப் பத்தி கொஞ்சம் எழுத்துதான் காட்டும், அதனால் முக்கியமானது முன்னால் வரட்டும். எழுதும்போதே உங்களுக்கு எது உறுதியாகத் தெரியும், எது ஊகம் என்பதும் வெளிப்பட்டுவிடும். ஊகமாக இருப்பதை அப்படியே, சந்தேகம் என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம் விலான். விலான் 30, நேம் கேமரா. ஒரே ஒரு கேமரா போர்ட்டை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள்: ஸ்விட்ச்போர்ட் மோட் அக்சஸ், ஸ்விட்ச்போர்ட் அக்சஸ் விலான் 30, ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட். போர்ட்ஃபாஸ்ட் இல்லையென்றால், பழைய ஸ்பானிங் ட்ரீ (லூப்பைத் தடுக்கும்) முறையில், கேமரா ஒவ்வொரு முறை எழும்போதும் போர்ட் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்றுக்கொண்டு, 30 நொடி கழித்துத்தான் வழி விடும். அந்த ஒரு கேமரா என்விஆரில் காணாமல் போகும், அது சரிதான், ஏனென்றால் என்விஆர் இன்னும் விலான் 1இல் இருக்கிறது. அந்த போர்ட் எந்தக் கேமரா என்று நீங்கள் எழுதியது உண்மையா என்பதற்கு இதுவே சாட்சி. எதிர்பார்த்த கேமராவே மறைந்ததா என்று பாருங்கள்.

சரியாக இருந்தால் இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் போட்டு மீதியையும் என்விஆரையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். ஐபி வரிசையை அன்றைக்கே மாற்ற வேண்டாம். கேமராவும் என்விஆரும் ஒரே விலானில் ஒரே வரிசையில் இருந்தால் பதிவு ஓடும். அலுவலகக் கணினியிலிருந்து பார்ப்பதற்குத்தான் ரவுட்டரில் வழி செய்ய வேண்டும். அதற்குக் கேமராவுக்கு வேறு ஐபி வரிசை தேவைப்படும், அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்லிங்க் ட்ரங்காக (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பாக) இருந்தால் ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள். ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் ஆட் 30. அந்த ஆட் இல்லாமல் அடித்தால், இருக்கிற பட்டியல் முழுக்கப் போய் 30 மட்டும் நிற்கும். தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக இருந்தால் நீங்களும் வெளியே போய்விடுவீர்கள். இதற்காகத்தான் பலர் ஆரம்பிக்கும் முன் ரீலோடு இன் 10 கொடுத்து வைப்பார்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் பெட்டி தானாக ரீலோடு ஆகி, சேமித்து வைத்த பழைய கான்ஃபிக்கோடு எழுந்துவிடும். எல்லாம் சரியென்றால் ரீலோடு கேன்சல், அப்புறம் ரைட் மெமரி. உங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டி ரீலோடு ஆனால் பிஓஇ போய்க் கேமரா, போன் எல்லாம் சேர்ந்து விழும். நீங்கள் ரேக் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், கன்சோல் கேபிளைச் செருகிக்கொண்டு செய்யுங்கள். 9600 வேகம்.

மின்ட் தெரு | புதன், இரவு 10:05

கூடவே ஷோ பவர் இன்லைன் பார்த்துவிடுங்கள். 24 போர்ட் பிஓஇ மாடலில் 370 வாட் என்று வரும். இந்த எண் சும்மா வரவில்லை. 802.3ஏஎஃப் முறையில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், அதை 24ஆல் பெருக்கினால் 369.6. 802.3ஏடி வகையில் 30 வாட் கேட்கும் சுழல் கேமரா மாட்டினால் பன்னிரண்டோடு கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் செருகினால் போர்ட் மின்சாரம் தர மறுக்கும். எல்லாக் கேமராவையும் வசதிக்காக ஒரே ஸ்விட்சுக்கு இழுத்துவிடலாம் என்று நினைத்தால் இதை முதலில் கூட்டிப் பாருங்கள்.

திருவொற்றியூர் டெக் | வியாழன், மாலை 7:20

டிஸ்கிரிப்ஷன் முடிந்தது. இரண்டு இடத்தில் சந்தேகம் என்று எழுதியிருக்கிறேன். 2/0/11 இன்னும் எர்-டிசேபிள்டு. ஷட்டவுன், நோ ஷட்டவுன் கொடுத்தால் எழுகிறது, உடனே மறுபடி விழுகிறது.

காசிமேட்டான் | வியாழன், இரவு 7:41

ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்டு என்று முழுசாகக் கொடுங்கள், காரணத்தைச் சொல்லும்.

திருவொற்றியூர் டெக் | வியாழன், இரவு 7:49

லூப்பேக் என்று வருகிறது.

காசிமேட்டான் | வியாழன், இரவு 7:55

அப்படியென்றால் ஸ்விட்ச் அந்த போர்ட்டில் அனுப்பிய கீப்அலைவ் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) அதே போர்ட்டுக்குத் திரும்பி வருகிறது. வயர் முனையில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அதில் யாரோ ஒரு கார்டின் இரண்டு முனையையும் செருகி வைத்திருப்பார்கள். தரையில் கிடந்த முனையை, இது எங்கேயோ கழன்றுவிட்டது என்று நல்ல மனசோடு செருகுவார்கள். போய்ப் பாருங்கள். அதைக் கழற்றாமல் எர்டிசேபிள் ரெக்கவரி போட்டால் 300 நொடிக்கு ஒரு முறை எழுந்து விழுந்துகொண்டே இருக்கும்.

திருவொற்றியூர் டெக் | வெள்ளி, காலை 10:33

அப்படியேதான். டிரைவர்கள் காத்திருக்கும் அறையில், மேசைக்குப் பின்னால். கழற்றிவிட்டேன், 2/0/11 கனெக்டட்.

இன்னொன்று. பின் கேட் கேமரா மட்டும் அடிக்கடி விழுந்து எழுகிறது. ரேக்கிலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும் அளந்தேன், 130 மீட்டர் இருக்கும்.

வியாசை வயர்மேன் | வெள்ளி, மதியம் 12:15

தாமிரத்துக்கு எல்லை 100 மீட்டர், பேட்ச் கார்டையும் சேர்த்து. இதுவரை ஓடியதே பெரிய விஷயம். அந்தக் கம்பத்துக்கு ஃபைபர் இழுத்துவிடுங்கள். உங்கள் 1/0/25 காலியாக இருந்தால் அதில் எஸ்எஃப்பி, அந்த முனையில் பிஓஇ உள்ள ஒரு சிறு ஸ்விட்ச். சிங்கிள் மோட் ஃபைபர் என்றால் இரண்டு பக்கமும் எல்எக்ஸ் மாட்யூல். ஒரு பக்கம் எல்எக்ஸ், ஒரு பக்கம் எஸ்எக்ஸ் (மல்டி மோட் வகை) என்று கலக்காதீர்கள். லைட் வரவில்லை என்றால் முதலில் இரண்டு இழையையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். இந்தப் பக்கத்து அனுப்பும் வாய் அந்தப் பக்கத்து வாங்கும் வாய்க்குப் போக வேண்டும்.

தூரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. திறந்தவெளிக் கம்பத்திலிருந்து தாமிரம் ரேக்குக்கு வந்தால் இடி இறங்கும் நாளில் அந்த போர்ட்டோடு பக்கத்து போர்ட்டுகளும் போகும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது.

ரேக் தரைத்தளம் என்றால் உயரத்தையும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு நம் பக்கம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். சுவரில் இடுப்புக்கு மேலே மாட்டுங்கள், யூபிஎஸ்ஸையும் சேர்த்து.

திருவொற்றியூர் டெக் | சனி, இரவு 9:10

விலான் மாற்றம் முடிந்தது. ஒரு கேமராவில் சோதித்து, பிறகு மீதியையும் என்விஆரையும் சேர்த்து மாற்றினேன். பதிவு ஓடுகிறது. 1/0/17 மட்டும் பாக்கி. ஒரே ஒரு மேக் தெரிகிறது, ஐபி தெரியவில்லை, தயாரிப்பாளர் பெயரும் கேள்விப்படாதது. ஷட்டவுன் கொடுத்து யார் போன் பண்ணுகிறார்கள் என்று பார்க்கலாமா?

ராயபுரம் ரவுட்டர் | சனி, இரவு 9:14

அதுதான் சரியான வழி. கத்துகிறவர்தான் சொந்தக்காரர்.

மின்ட் தெரு | சனி, இரவு 9:30

அது ஏதாவது அலாரம் பெட்டியாக இருந்தால் யாரும் கத்த மாட்டார்கள், திருடன் மட்டும் சந்தோஷப்படுவான். 1/0/17இன் வயர் பேனலில் எந்த எண், அந்த எண் எந்த அறைக்குப் போகிறது என்று உங்கள் பட்டியலில் இருக்குமே?

திருவொற்றியூர் டெக் | ஞாயிறு, மதியம் 12:48

பேனல் பி14, கேன்டீன் சுவர். போய்ப் பார்த்தால் பழைய பீரோவுக்குப் பின்னால் விரல் வைக்கும் வருகைப் பதிவு மெஷின். இரண்டு வருடமாக யாரும் பயன்படுத்தவில்லையாம். எச்ஆர் ஒப்புதல் கொடுத்ததும் கழற்றப் போகிறேன். அதுவரை டிஸ்கிரிப்ஷனில் பழைய அட்டெண்டன்ஸ் பி14 என்று எழுதிவிட்டேன். ரன்னிங் கான்ஃபிக்கின் நகல் ஒன்றை டிஎஃப்டிபி (கோப்பு அனுப்பும் முறை) வழியாக என் கணினியிலும் எடுத்து வைத்தாயிற்று.

மூலக்கொத்தளம் | ஞாயிறு, மாலை 4:26

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் கடையில் ஜூனிபர் ஸ்விட்ச். திரையில் ஜிஇ-0/0/5 என்று வருவதும் முகப்பில் எழுதியிருக்கும் 5உம் ஒன்றுதானா? ஐந்தாவது ஓட்டையில் செருகினால் 4 என்று வருகிறதே.

பழைய வண்ணை | ஞாயிறு, மாலை 5:02

ஒன்றுதான். ஜூனிபர் 0இலிருந்து எண்ணும், அதனால் ஐந்தாவது ஓட்டை 4. ஓட்டைகளை எண்ணாதீர்கள், அச்சடித்த எண்ணைப் படியுங்கள். ஹெச்பி புரோகர்வ் என்றால் தனிப்பெட்டியில் வெறும் 5 என்றே வரும், மைக்ரோடிக் என்றால் ஈதர்5. கான்ஃபிக் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் மாடல் எண்ணைப் போட்டுத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் பின்னால் தேடுகிறவருக்குக் குழப்பம்.